கிராண்ட் கன்யனுக்கு வெளிக்கிடும் வன்னிக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களும், கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு பெற்றோரை அங்கே கூட்டிப் போக நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். போகிறவர்களில் அநேகர் அங்கேதான் போகிறார்கள். வெயில், தண்ணீர் பற்றிய பதில்கள் நீளமானவை. நேரமில்லையென்றால் மற்றவற்றை விட்டுவிட்டு அவற்றை மட்டுமாவது வாசியுங்கள்.

அது எப்படியான இடம்? எவ்வளவு பெரியது?

கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. நீளம் 446 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏ-9 வீதி முழுவதுமே 321 கிலோமீற்றர்தான். அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர், ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். 1919இல் தேசியப் பூங்காவானது, 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மனதில் வைக்க வேண்டிய கணக்கு உயரம்தான். நீங்கள் காரிலிருந்து இறங்கும் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட உயரம், ஏறக்குறைய ஹோட்டன் சமவெளி அளவு. ஆறு ஓடும் அடிப்பகுதியோ சுமார் 750 மீற்றரில். அதனால் மேலே சுவெட்டர் தேடும் அதே நாளில் கீழே 40 பாகை கொதிக்கும். இந்த இடத்தில் மனிதருக்கு நேரும் ஆபத்துகளில் பல இந்த வித்தியாசத்தால் வருபவைதான்.

படத்தில் பார்த்த கண்ணாடிப் பாலம் அங்கேதானே?

இல்லை. ஸ்கைவோக் எனப்படும் அந்தப் பாலம் மேற்கே ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. அது தேசியப் பூங்காவுக்குள் சேராது, டிக்கட்டும் வேறு. தெற்கு விளிம்பிலிருந்து அங்கே போகக் காரில் பல மணி நேரம் எடுக்கும். லாஸ் வேகாஸில் ‘கிராண்ட் கன்யன் டூர்’ என்று விற்கப்படுபவற்றில் பல இந்த மேற்குப் பகுதிக்கே போகின்றன. காசு கட்டுமுன் தெற்கு விளிம்பா, மேற்கா என்று கேட்டுவிடுங்கள்.

எப்படிப் போவது?

பீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து சுமார் 370 கிலோமீற்றர், காரில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 450 கிலோமீற்றர். கிட்டவுள்ள பெரிய ஊர் பிளாக்ஸ்டாஃப், 130 கிலோமீற்றர் தூரத்தில். வில்லியம்ஸ் என்ற சிற்றூரிலிருந்து ரயிலும் ஓடுகிறது. கனடா விசாவில் ரொறன்ரோவுக்கு வந்த பெற்றோரை அப்படியே அமெரிக்காவுக்குள் கூட்டிப் போக முடியாது. அமெரிக்க விசா தனியாக எடுக்க வேண்டும், அதையும் கொழும்பில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

உள்ளே போக எவ்வளவு காசு?

கார் ஒன்றுக்கு 35 டொலர், அது 7 நாளுக்குச் செல்லும். ஆனால் 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் மேலதிகமாக 100 டொலர் கட்ட வேண்டும். கனடா, இங்கிலாந்துக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டொலர். குடும்பமாகப் போனால் அதுவே லாபமாக அமையக்கூடும், எத்தனை பேருக்குச் செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். வாசலில் காசு எடுக்க மாட்டார்கள், கார்ட் மட்டும்தான்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை, அல்லது செப்ரெம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் எங்கள் ஆட்கள் அதிகம் போவது ஜூலை, ஓகஸ்ட். கீழே இறங்கி நடப்பதற்கு ஆகக் கூடாத மாதங்கள் அவைதான். அந்த மாதங்களில்தான் போகலாம் என்றால் விளிம்பில் நின்று பாருங்கள், விடியப்புறம் சிறிது தூரம் இறங்கி ஏறுங்கள், அவ்வளவுடன் நிறுத்துங்கள். டிசம்பர், ஜனவரியில் விளிம்பில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகும், பாதையின் மேற்பகுதி ஐஸ் பிடித்துக் கண்ணாடியாகக் கிடக்கும். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் அப்போது இறங்கக் கூடாது. வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடியிருக்கும். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்தும் போனது. முதல் பயணத்துக்குத் தெற்கே போதும்.

வன்னி வெயிலில் வயல் வேலை செய்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெயில் ஒரு காரியமா?

பெரிய காரியம். ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இது, ஆகக் கூடுதலாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இதுதான்.

ஊரில் 34, 35 பாகை வெயிலில் நிற்கும்போது காற்றில் ஈரம் இருக்கிறது. வியர்வை முதுகில் வழிகிறது, சேட் நனைந்து உடம்போடு ஒட்டுகிறது. ‘தண்ணி குடி, நிழலுக்குப் போ’ என்று உடம்பே அறிவித்துவிடும். கன்யனில் காற்று வறண்டது. வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடும், தோல் காய்ந்தே இருக்கும். தனக்கு வியர்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு நடப்பவர் மணிக்கு ஒரு லீற்றர் வரை இழந்துகொண்டிருப்பார். அதை எப்படிக் கண்டுகொள்வது? தொப்பியின் உள்விளிம்பையும் பை பட்ட முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாக, விரல் பட்டால் உதிரும் உப்புக்கோடு படிந்திருக்கும். அந்தக் கோடு கண்ணில் பட்டால் நீங்கள் ஏற்கனவே நிறைய இழந்துவிட்டீர்கள்.

இரண்டாவது வித்தியாசம், வயலில் தலை சுற்றினால் வரம்பில் ஏறி மர நிழலில் இருக்கலாம், வீடு கிட்ட. இங்கே இறங்கும்போது காலை, குளிர், உடம்பில் தெம்பு, எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். கீழே போகப் போகச் சூடு கூடும். களைத்துத் திரும்புகிற நேரம் பார்த்து உச்சி வெயிலும் செங்குத்து ஏற்றமும் சேர்ந்து வரும். மலை ஏறுகிறவருக்கு முடியாமல் போனால் இறங்கிவிடலாம். இது கிணறு மாதிரி, இறங்கியவர் ஏறித்தான் வெளியே வர வேண்டும். வெயிலில் பாறைச் சுவரும் சூடேறிப் பக்கத்திலிருந்து அடிக்கும். அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் வெப்பநிலை நிழலில் அளந்தது, வெயிலில் நடக்கிறவருக்கு அதைவிடக் கூட.

அதனால் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உள்ளே நடக்காதீர்கள். ஜூனில் 5.15 அளவில் சூரியன் வந்துவிடும், வெளிச்சம் அதற்கு முன்பே. நாலரைக்கு எழும்பி முதல் வெளிச்சத்தில் இறங்கினால் 10 மணிக்குள் மேலே வந்துவிடலாம். ஊரில் விடியப்புறம் எழும்பிப் பழகியவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. வன்னி வாழ்க்கை அங்கே உண்மையில் உதவுவது இந்த விஷயத்தில்தான்.

எவ்வளவு தண்ணீர் கொண்டு போவது?

நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை முதல் ஒரு லீற்றர். நான்கு மணி நேர நடைக்கு ஆளுக்குக் குறைந்தது 3 லீற்றர், கோடையில் 4. பிள்ளைக்கும் தன் போத்தல் தன்னிடம் இருக்க வேண்டும். ஒரே பையில் எல்லாருடைய தண்ணீரையும் போட்டு, அந்தப் பையோடு ஒருவர் முன்னே போய்விட்டால் பின்னால் வருகிறவர் வறண்டுபோவார்.

தண்ணீரைப் போலவே உப்பும் முக்கியம். உப்பே சாப்பிடாமல் லீற்றர் லீற்றராக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். தலையிடி, குமட்டல், சத்தி, விரல் வீக்கம், குழப்பமான பேச்சு என்று வரும். பார்ப்பவர் ‘தண்ணி காணாது’ என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுப்பார், நிலைமை மோசமாகும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் போதாதவருக்குச் சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகும். உப்பு இறங்கியவர் நிறையக் குடித்திருப்பார், சிறுநீர் அடிக்கடி நிறமில்லாமல் போயிருக்கும். அவருக்குத் தண்ணீரை நிறுத்தி, நல்ல உப்பான சாப்பாடு கொடுத்து, நிழலில் இருத்த வேண்டும். பேச்சுத் தடுமாறினால் உதவி அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

ஊரிலிருந்து நாலைந்து ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கொண்டு போங்கள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் என்ற அதே கணக்கில் கரைத்து ஒரு போத்தலில் வையுங்கள், மற்றப் போத்தல்களில் வெறும் தண்ணீர். உப்புப் போட்டு வறுத்த கச்சான், மிக்சர், முறுக்கு எல்லாம் இந்த நடைக்கு அருமையான சாப்பாடு. எள்ளுப்பாகு, பனங்கட்டி பலம் தரும். பசி வரும்வரை பார்க்காமல் அரை மணிக்கு ஒருமுறை ஒரு பிடி சாப்பிடுங்கள். கொண்டு போகும் சாப்பாட்டையெல்லாம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். இறைச்சியும் புதிய பழமும் வேண்டாம்.

இன்னொன்று. குழாய் கண்ட இடத்தில் குடிப்பதோடு நிற்காமல் சேட்டையும் தொப்பியையும் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு நடங்கள். வறண்ட காற்று என்பதால் ஈரத்துணி உடம்பை நன்றாகக் குளிர்விக்கும். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடுத்த குழாயில் திரும்ப நனையுங்கள்.

எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போகலாம்?

முதல் தடவைக்கு பிரைட் ஏஞ்சல் பாதை. விடுதிகளும் கடைகளும் உள்ள ‘கிராண்ட் கன்யன் கிராமம்’ என்ற பகுதியிலிருந்தே தொடங்குகிறது, இடையில் மலசலகூடமும் நிழல் கூடாரமும் உண்டு. 2.4 கிலோமீற்றரில் முதல் தங்குமடம் (ஒன்றரை மைல் என்றே அதற்குப் பெயர்), இறக்கம் 340 மீற்றர். போய் வர இரண்டு முதல் நான்கு மணி நேரம். 4.8 கிலோமீற்றரில் மூன்று மைல் தங்குமடம், இறக்கம் 645 மீற்றர், நான்கு முதல் ஆறு மணி நேரம். 7.2 கிலோமீற்றரில் ஹவசுபாய் கார்டன்ஸ், மரங்கள் நிற்கும் ஊற்றடி, இறக்கம் 925 மீற்றர், ஆறு முதல் ஒன்பது மணி நேரம். முதல் இரண்டு தங்குமடங்களிலும் குழாய்த் தண்ணீர் கோடையில் மட்டும்தான். 1960களில் போட்ட பழைய குழாய் அடிக்கடி உடைவதால் கோடையிலும் நின்றுவிடும். வெளிக்கிடும் காலையில் தகவல் நிலையத்திலோ பூங்காவின் இணையத்தளத்திலோ எந்தக் குழாய் ஓடுகிறது என்று பாருங்கள்.

சவுத் கைபாப் பாதையில் காட்சி இன்னும் விரிந்தது. ஆனால் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது, நிழலும் இல்லை என்றே சொல்லலாம். 2.4 கிலோமீற்றரில் உள்ள சீடர் ரிட்ஜ் வரை போய்த் திரும்புவது போதும். அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும்.

தூரத்தைவிட நேரத்தைப் பாருங்கள். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்துக்கு, இரண்டு பங்கு ஏற்றத்துக்கு. காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்கு மேலே நிற்க வேண்டுமென்றால் 7 மணிக்குத் திரும்புங்கள், எங்கே நின்றாலும் சரி. ‘அந்த வளைவு மட்டும் பார்த்திட்டு வருவம்’ என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் அதைவிட அழகான இன்னொரு வளைவு இருக்கும். மணிக்கூட்டில் அலாரம் வையுங்கள், அடித்தால் திரும்புங்கள்.

ஆறு வரை போய் ஒரே நாளில் திரும்பலாமா?

வேண்டாம். பூங்காக்காரரே பாதைத் தலைப்பில் பலகை வைத்து வேண்டாம் என்கிறார்கள், கோடையில் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். அங்கே மீட்கப்படுகிறவர்களில் திடகாத்திரமான இளைஞர் பலர். கீழே இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பகல் நடைக்கு அனுமதி எதுவும் தேவையில்லை.

வன்னி தட்டை நிலம். நடந்து பழக எங்கே போவது?

இரணைமடு அணைக்கட்டில் தினமும் நடப்பது மூச்சுக்கு நல்லது, முழங்காலைப் பழக்காது. மாடிப்படி இருந்தால் ஐந்து கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். நல்ல சோதனை சிவனொளிபாதமலை. நல்லதண்ணியிலிருந்து ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீற்றர், ஹவசுபாய் கார்டன்ஸ் கணக்குக்குக் கிட்ட வரும். அங்கே இறங்கிய மறுநாள் தொடை எவ்வளவு நோகிறது என்று பாருங்கள். கன்யனில் அந்த இறக்கம் முதலில் வரும், நோகும் தொடையோடுதான் ஏற வேண்டும். வந்திறங்கிய முதல் நாள் பெரிய நடை வைக்காதீர்கள். 2,100 மீற்றரில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஐதானது, படி ஏறினாலே இளைக்கும்.

செருப்போடு நடக்கலாமா?

விளிம்பில் தார் போட்ட பாதையில் நடக்கலாம். கீழே இறங்கச் சப்பாத்து வேண்டும், அதுவும் ஊரிலேயே போட்டுப் பழகிய சப்பாத்து. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னே வழுக்கி நகம் சப்பாத்தில் முட்டும், மாலையில் நகம் கறுத்துவிடும். முதல் நாளே நகம் வெட்டுங்கள், லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். கோடையில் மெல்லிய முழுக்கைச் சேட், அகல விளிம்புத் தொப்பி. சேலை, நீண்ட பாவாடை ஏற்றத்தில் காலில் தட்டும், சல்வார் வசதி.

அம்மாவுக்கு முழங்கால் நோ, அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. கீழே இறங்காமலே கன்யனின் முக்கால் அழகையும் பார்க்கலாம். விளிம்புப் பாதை 21 கிலோமீற்றர், பெரும்பகுதி சமதரை, பல இடங்களில் சக்கர நாற்காலியும் போகும். அதில் யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராமம் வரையுள்ள துண்டில் ஒரு மீற்றருக்குப் பத்து இலட்சம் ஆண்டு என்ற கணக்கில் குறி பதித்து, அந்தந்தக் காலத்துப் பாறையைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். முதியவர்களுக்கு அதுவே நல்ல அரை நாள்.

ஹேர்மிற் வீதி மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கு மூடியிருக்கும், இலவச பஸ் ஓடும். பஸ் ஏற முடியாதவருக்காகக் காரைக் கொண்டு போக வாசலிலேயே விசேட அனுமதி கேட்டு வாங்கலாம். கிழக்கே டெசர்ட் வியூவுக்குக் காரிலேயே போகலாம், 1932இல் கட்டிய கற்கோபுரம் அங்கே நிற்கிறது.

சிறுநீர் போகச் செய்யும் பிரஷர் மாத்திரை எடுப்பவர் வெயிலில் விரைவாக வறள்வார், போகுமுன் டொக்டரிடம் கேளுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடி மூடிய கார் அடுப்பாகிவிடும். பயணக் காப்புறுதி இல்லாமல் பெற்றோரைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஹெலிகொப்டரின் பில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கும்.

பாதையில் கோவேறு கழுதை வரும் என்கிறார்களே?

வரும், வரிசையாக. அவற்றுக்குத்தான் வழி. மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி, பள்ளப் பக்கம் நிற்காமல், ஓட்டி சொல்வதைக் கேட்டு அசையாமல் நில்லுங்கள். கடைசிக் கழுதை 15 மீற்றர் தாண்டிய பிறகே நகரலாம்.

பாம்பு, தேள், வேறு மிருகம்?

கிலுகிலுப்பைப் பாம்பும் தேளும் உண்டு. கல்லிடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள், இருட்டினால் ரோச் அடித்து நடங்கள். ஊர்ப் பழக்கமே போதும். அங்கே அடிக்கடி கடிப்பது அணில். தீனி கேட்டுக் காலடிக்கு வரும், கொடுத்தால் விரலோடு கடிக்கும். தீனி போடுவது குற்றமும்கூட. மானினங்களிலிருந்து 30 மீற்றர் தள்ளி நில்லுங்கள்.

மழை வருமா?

ஜூலை முதல் செப்ரெம்பர் நடு வரை பிற்பகல் இடிமழைக் காலம். இடி கேட்டால் விளிம்பையும் தனிமரத்தையும் விட்டு விலகிக் கார், பஸ், கட்டடம் என்று எதற்குள்ளாவது போங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளித்திருந்தாலும் தூரத்தில் பெய்த மழை வெள்ளமாக ஓடைக்குள் பாயும். அங்கே மண் நீரை உறிஞ்சுவது குறைவு, வெறும் பாறை. தண்ணீர் கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

பாறைகளுக்கு விஷ்ணு, சிவா, பிரம்மா என்று பெயர் இருக்கிறதாமே. கோயில் உண்டா?

கோயில் இல்லை, கோபுரம் போல நிற்கும் பாறைச் சிகரங்களின் பெயர்கள். 1880களில் அந்த இடத்தை ஆராய்ந்த புவிச்சரிதவியலாளர் (பாறைகளை ஆராய்பவர்) கிளாரன்ஸ் டட்டன் கீழைத்தேயக் கடவுளரின் பெயர்களைச் சூட்டத் தொடங்கினார். ஆற்றங்கரையில் தெரியும் கறுத்த அடிப்பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே, வயது ஏறக்குறைய 175 கோடி ஆண்டு. விளிம்பில் நீங்கள் நிற்கும் வெளிறிய சுண்ணக்கல் 27 கோடி ஆண்டு, கடலுக்கடியில் படிந்தது, உற்றுப் பார்த்தால் சிப்பித் தடங்கள் தெரியும். இலங்கைப் பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் பிரிக்கும்போது ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்று பெயர். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் காட்டுங்கள். கல் ஒன்றையும் எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம்.

நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால்?

நிழலில் இருத்தி, உடுப்பை நனைத்து, விசிறி, உப்பும் தண்ணீரும் சிறிது சிறிதாகக் கொடுத்து, வெயில் சாயும் வரை இருங்கள். பெரும்பாலானோர் அரை மணி, ஒரு மணியில் தெளிவார்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது உயிராபத்து. இருக்கிற தண்ணீரை முழுவதும் உடம்பில் ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டு 911ஐ அழையுங்கள். உள்ளே பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடையாது. தங்குமடங்களில் அவசரத் தொலைபேசி உண்டு, பாதையில் வருகிறவர்களிடமும் செய்தி சொல்லி அனுப்பலாம். தனியாக விட்டுப் போகாதீர்கள், மூன்று பேராகப் போனால் ஒருவர் போகலாம், ஒருவர் இருக்கலாம்.

ஊருக்கு எப்போது கோல் எடுப்பது?

அரிசோனா எங்களைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். பூங்கா இருக்கும் பகுதியில் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றும் வழக்கம் இல்லாததால் ஆண்டு முழுவதும் இதே கணக்கு. அங்கே காலை 6 என்றால் கிளிநொச்சியில் மாலை 6.30. நடக்க இறங்குமுன் எடுத்து, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லலாம். அதே விவரத்தை அறையில் தங்கியிருப்பவரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நேரம் தப்பினால் பூங்காக்காரருக்கு அறிவிக்க வேண்டியவர் அவர்தான்.